முன்னால் நின்று மறுக்கும் ‘அ’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அநீதி, அசுத்தம், அகிம்சை என்று எழுதுகிறோம். டாக்டர் அனீமியா என்கிறார். ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டி தேடி ஓடுகிறோம். போனில் இன்காக்னிட்டோ திறக்கிறோம். இந்தச் சொற்களின் தலையில் உட்கார்ந்து ‘இல்லை’, ‘அல்ல’ என்று சொல்வது ஒரே முன்னொட்டுதான், வேறு வேறு வேஷத்தில். அதைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

சமஸ்கிருத ‘அ’, கிரேக்க ‘அ’, லத்தீன் ‘இன்’, ஆங்கில ‘அன்’ எல்லாம் உண்மையிலேயே உறவா? தற்செயலாக ஒத்துப்போகிறதா?

உறவுதான். நாலுக்கும் பின்னால் ஒரே ஒலி இருக்கிறது: உயிரெழுத்தின் துணையில்லாமல் தானே ஓர் அசையாக நிற்கும் ‘ன்’. வினோதமாகத் தோன்றலாம். ஆங்கிலேயர் ஒருவர் ‘பட்டன்’ என்று சொல்வதைக் கவனித்துக் கேளுங்கள். நாம் ‘ட்ட’வுக்குப் பிறகு தெளிவாக ஓர் ‘அ’ போட்டு ‘பட்டன்’ என்கிறோம். அவர் வாயில் அந்த ‘அ’ கிடையாது. ‘ட்’டிலிருந்து நேராக ‘ன்’னுக்குத் தாவி, அந்த ‘ன்’னையே ஓர் அசையாக இழுத்து நிறுத்துவார். இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் மறுப்பு முன்னொட்டு அப்படிப்பட்ட ஓர் ஒலி.

பிள்ளைமொழிகள் அதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. சமஸ்கிருதமும் கிரேக்கமும் அதை ‘அ’ ஆக்கின. லத்தீன் முதலில் ‘என்’ ஆக்கி, அப்புறம் ‘இன்’ ஆக்கியது. ஜெர்மானிய மொழிகள் ‘உன்’ என்றன. அதுதான் ஆங்கிலத்தில் எழுத்து மாறாமல் ‘அன்’ என்று உச்சரிப்பு மாறியது. ஸ்வீடிஷில் ‘ன்’ முழுசாகத் தேய்ந்து ஒரே ஓர் உயிர் மிஞ்சியிருக்கிறது.

கல்கத்தாவில் 1786-ல் வில்லியம் ஜோன்ஸ் இந்த மொழிகள் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசியது பலருக்கும் தெரியும். ஆனால் மூலமொழியில் அசையாக நிற்கும் ‘ன்’னும் ‘ம்’மும் இருந்தன என்று எழுதிக் காட்டியவர் கார்ல் புருக்மன் என்ற ஜெர்மானிய மொழியியலாளர், 1876-ல். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய ஆசிரியர் குர்ட்டியஸுக்கு அது பிடிக்கவில்லை. காலம் மாணவர் பக்கம் நின்றது.

ஒரே ஒரு முன்னொட்டை வைத்து இப்படி ஒரு முடிவுக்கு வரலாமா?

வரக்கூடாது, வரவும் இல்லை. அதே மாற்றம் வேறு இடங்களிலும் நடந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நூறு என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூலமொழியில் அதன் நடுவே அசையாக நிற்கும் ‘ம்’ இருந்தது. சமஸ்கிருதத்தில் அது ‘அ’ ஆகி ‘சதம்’. லத்தீனில் ‘என்’ ஆகி ‘கென்டும்’. ஆங்கிலத்தில் ‘உன்’ ஆகி ‘ஹண்ட்ரட்’. நம் பிள்ளைகள் கணக்கில் ‘சென்டம்’ வாங்குவதும் கிரிக்கெட்டில் ‘சதம்’ அடிப்பதும் இந்த மாற்றத்தின் இரண்டு கிளைகள். ஏழிலும் பத்திலும் இதே கதைதான்: சப்த, செப்டம், தச, டெக்கம். ஒரு சொல் ஒத்துப்போனால் தற்செயல் என்று தள்ளலாம். வரிசையாக ஒரே முறையில் மாறியிருந்தால் தள்ள முடியாது.

நாலு மொழியிலும் முழுச் சொல்லாக ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

‘அறியப்படாத’ என்பதுதான் எனக்குப் பிடித்த உதாரணம். சமஸ்கிருதத்தில் ‘அஜ்ஞாத’; பாண்டவர்கள் பன்னிரண்டு ஆண்டு காட்டில் கழித்துவிட்டுப் பதின்மூன்றாம் ஆண்டு விராட நாட்டில் ஒளிந்து வாழ்ந்த அஞ்ஞாதவாசத்தில் இருப்பது அது. கிரேக்கத்தில் ‘அக்னோஸ்டோஸ்’. லத்தீனில் ‘இக்னோட்டுஸ்’. பழைய ஆங்கிலத்தில் ‘உன்கூத்’. இன்று ‘அன்கூத்’ என்றால் நாகரிகமில்லாதவன், ஆனால் முதற்பொருள் ‘அறிமுகமில்லாதவன்’ மட்டுமே. தெரியாத ஆள் என்றாலே முரடன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது போலிருக்கிறது.

நாலிலும் முன்னொட்டு ஒன்று, அறிதலைக் குறிக்கும் வேரும் ஒன்று. லத்தீன் கிளையிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்ததுதான் ‘இன்காக்னிட்டோ’. ஆக, பிரவுசரில் அந்தக் கறுப்புச் சன்னலைத் திறக்கும்போது நாம் போவது அஞ்ஞாதவாசம்தான், வேர் வரைக்கும். கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவரைக் குறிக்கும் ‘அக்னாஸ்டிக்’ என்ற சொல்லை 1869-ல் உருவாக்கிய தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியும் கிரேக்கக் கிளையிலிருந்துதான் எடுத்தார்.

அமிர்தமும் கிரேக்கக் கடவுள்களின் உணவான அம்ப்ரோசியாவும் ஒன்றா?

சொல் ஒன்று. ‘அ’ மறுப்பு, ‘ம்ருத’ இறந்தது. இறவாதது, இறவாமை தருவது அமிர்தம். கிரேக்கத்தில் ‘ம்ரோ’ என்பது நாவுக்குச் சிரமமாகி நடுவில் ஒரு ‘ப்’ முளைத்து ‘அம்ப்ரோட்டோஸ்’ ஆனது. அதிலிருந்து அம்ப்ரோசியா. லத்தீன் வழி ஆங்கிலத்துக்கு வந்த ‘இம்மார்ட்டல்’ இவற்றின் தங்கை.

தமிழில் இந்தச் சொல் அமிழ்து, அமுது என்று உருகி, வைணவ வீட்டுச் சமையலறை வரை போய்விட்டது. ரசம் சாத்தமுது, பாயசம் திருக்கண்ணமுது, பொரியல் கறியமுது. தலையில் ஒரு மறுப்பு இருப்பது சாப்பிடுகிறவர் யாருக்கும் தோன்றாது. இன்னொரு பக்கம் ‘அமரர்’. அதுவும் இறவாதவர் என்றே பொருள்படும். நாமோ இரங்கல் சுவரொட்டியில் இறந்தவர் பெயருக்கு முன்னால்தான் அதை அச்சிடுகிறோம்.

ஈரானில் இதைவிட வேடிக்கை. அவர்கள் நாட்காட்டியின் ஐந்தாம் மாதத்துக்கு ‘அமொர்தாத்’ என்று பெயர்; இறவாமை என்று பொருள். பேச்சில் தலை ‘அ’ உதிர்ந்து ‘மொர்தாத்’ ஆகிவிட்டது. மறுப்பு போனதால் மிஞ்சியது மரணம். அந்த ‘அ’வைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

சில சொற்களில் ‘அ’, சில சொற்களில் ‘அந்’ அல்லது ‘அன்’ வருவது ஏன்?

அடுத்து மெய் வந்தால் ‘அ’, உயிர் வந்தால் ‘அந்’. அ + சுத்தம், அசுத்தம். அந் + ஆதி, அநாதி. அந் + ஏகம், அநேகம். அந் + உசிதம், அநுசிதம். கிரேக்கத்திலும் அதே விதி: ரத்தத்தைக் குறிக்கும் சொல் உயிரொலியில் தொடங்குவதால் ‘அனீமியா’, சிம்ப்டம் மெய்யில் தொடங்குவதால் ‘ஏசிம்ப்டமேட்டிக்’. சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினி இதைத் தலைகீழாக விளக்குவார்: அடிப்படை ‘ந’ என்பது, சமாசத்தில், அதாவது கூட்டுச்சொல்லில், அதன் ‘ந்’ கெட்டு ‘அ’ நிற்கும், உயிர் வந்தால் ஒரு ‘ந்’ தோன்றும். வரலாற்றுப்படி அப்படி இல்லை என்றாலும் விதி கச்சிதமாக வேலை செய்கிறது.

இதில் ஒரு கண்ணி உண்டு. அநாதி என்பது அந் + ஆதி. ஆனால் அநாதை என்பது அ + நாத, நாதன் இல்லாதவர். இங்கே ‘ந’ முன்னொட்டுக்குச் சொந்தமில்லை. அநாமதேயமும் அப்படித்தான், அ + நாமதேயம். அதே பொருளுள்ள கிரேக்கச் சொல்லோ அந் + ஓனொமா. அதுதான் ஆங்கிலத்தில் ‘அனானிமஸ்’. முன்னொட்டும் ஒன்று, பெயர் என்ற வேரும் ஒன்று, ஒட்டு விழுந்த இடம் மட்டும் வேறு.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது: மோதிர விரலுக்குச் சமஸ்கிருதத்தில் ‘அநாமிகா’, பெயரில்லாதவள். சீனத்திலும் ரஷ்யனிலும் ஃபின்னிஷிலும்கூட அது பெயரில்லாத விரல்தான். தமிழில் அதற்கு மோதிரமாவது போட்டுவிட்டோம்.

அநாதையா, அனாதையா? அநேகமா, அனேகமா?

இரண்டும் வழக்கில் இருக்கின்றன, எதையும் பிழை என்று அடிக்க வேண்டாம். நான் ‘ந’ போடுகிறேன். அநீதி, அநியாயம் போன்றவற்றில் நீதியும் நியாயமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மற்றவற்றுக்கும் அதையே வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

இந்த முன்னொட்டுக்கு ‘இல்லை’ என்பது மட்டும்தான் பொருளா?

இல்லை. வடமொழி இலக்கணக்காரர்கள் ஆறு பொருள் எண்ணுவார்கள்: ஒப்புமை, இன்மை, வேறாதல், சிறுமை, தகாமை, எதிர்ப்பு. இதில் நம் காதுக்கு உடனே எட்டுவது இன்மையும் எதிர்ப்பும். அதர்மம் என்பது தர்மம் இல்லாத வெற்றிடம் அன்று, தர்மத்துக்கு எதிராக நிற்கும் ஒன்று. சிறுமைக்கு அவர்கள் தரும் உதாரணம் அழகானது: ‘அநுதரா கன்யா’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் வயிறே இல்லாத பெண். கருத்து, சிறுத்த வயிறுடையவள். இடை இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும் தமிழ்ப் புலவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தகாமைக்கு ஜெர்மன் நல்ல இடம். ‘க்ராவுட்’ என்றால் மூலிகை, கீரை. ‘உன்க்ராவுட்’ என்றால் மூலிகை அல்லாதது இல்லை, களை. ‘வெட்டர்’ வானிலை, ‘உன்வெட்டர்’ புயல்மழை. மறுப்பு இங்கே ‘கெட்ட’ என்று பொருள்படுகிறது. நாம் ‘அகாலம்’ என்று சொல்வதும் காலமே இல்லாததையா? ஆகாத நேரத்தைத்தான்.

‘அ’வில் தொடங்கும் வடசொல் எல்லாம் மறுப்புதானா?

நிச்சயமாக இல்லை. அதிகாரத்தில் ‘அதி’, அனுபவத்தில் ‘அனு’, அபிமானத்தில் ‘அபி’, அவமானத்தில் ‘அவ’. எல்லாம் தனித்தனி முன்னொட்டுகள்.

அபயமும் அபாயமும்தான் நல்ல சோதனை. கோயிலில் சாமியின் வலக்கை உள்ளங்கையைக் காட்டி நிற்கிறதே, அது அபயம்: அ + பயம், பயமில்லை. தெருமுனை டிரான்ஸ்பார்மரில் மண்டையோட்டுக்கு மேலே சிவப்பில் எழுதியிருப்பது அபாயம்: அது ‘அப’ என்ற முன்னொட்டில் தொடங்குவது, விலகிப்போதல், அழிதல் என்ற பொருளில் வந்தது. ஒரு கால் எழுத்து வித்தியாசத்தில் அடைக்கலமும் ஆபத்தும்.

‘ஆட்டம்’ என்ற ஆங்கிலச் சொல் கிரேக்கத்தில் ‘வெட்ட முடியாதது’. அதில் மறுப்பு உண்டு. அதற்கு நாம் சொல்லும் ‘அணு’வில் மறுப்பு இல்லை.

அசுரன் என்றால் சுரன் அல்லாதவன் என்கிறார்களே?

பின்னால் வந்த விளக்கம். ரிக்வேதத்தின் பழைய பகுதிகளில் ‘அசுர’ என்பது தலைவன், வல்லமை உள்ளவன் என்ற மரியாதைச் சொல். வருணனைக்கூட அப்படி அழைக்கிறார்கள். ஈரானியக் கிளையில் அதுவே ‘அஹுர’. ஜரதுஷ்டிர சமயத்தின் கடவுள் அஹுர மஸ்தா. இந்தியாவில் பொருள் சரிந்து அசுரர் என்றால் தேவர்களின் எதிரி என்றான பிறகு, தலையில் இருந்த ‘அ’வை மறுப்பு என்று நினைத்து வெட்டினார்கள். மிஞ்சிய ‘சுர’ தேவர்களைக் குறிக்கும் புதுச் சொல்லானது. அசுரர் முதலில், சுரர் பிறகு. திருச்செந்தூர்ச் சூரனுக்கு இதில் பங்கில்லை. அது வீரனைக் குறிக்கும் ‘சூர’, வேறு சொல்.

கிரேக்கத்தில் தலையில் ‘அ’ வந்தால் மறுப்பு என்று நம்பலாமா?

பெரும்பாலும். செவ்வந்திக்கல்லை ‘அமெதிஸ்ட்’ என்பார்கள். வெறி தராதது என்று பொருள், அதில் இருக்கும் ‘மெது’ நம் மதுவின் உறவு. ஆனால் ‘அடெல்ஃபோஸ்’ என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். சகோதரன் என்று பொருள். பிலடெல்பியா நகரத்தின் பெயரில் இருப்பது. ‘டெல்ஃபுஸ்’ கருப்பை. முன்னால் உள்ள ‘அ’ மறுப்பு அன்று; ‘ஒரே’, ‘கூட’ என்று பொருள்படும் வேறோர் ஒட்டு தேய்ந்து அப்படி ஆனது. ஒரே வயிற்றில் பிறந்தவன். நம் ‘சகோதரன்’ என்ற சொல்லும் அதே அமைப்பு: சக + உதரம்.

அன்ரிசர்வ்டில் உள்ள ‘அன்’னும் அன்லாக்கில் உள்ள ‘அன்’னும் ஒன்றா?

இல்லை, பார்த்தால்தான் ஒன்று. அன்ரிசர்வ்டு, அன்ஃபிட், அன்லக்கி ஆகியவற்றில் இருப்பது நாம் இதுவரை பேசிய மறுப்பு. அன்லாக், அன்லோடு, அன்ஃபாலோ ஆகியவற்றில் இருப்பது செய்ததைத் திருப்பிச் செய்வது. லாரியை அன்லோடு செய்தால் லோடு ஏற்றாமல் விட்டதாக அர்த்தமில்லை, ஏற்றியதை இறக்கினோம். இந்த இரண்டாம் ‘அன்’, எதிர் என்று பொருள்படும் கிரேக்க ‘ஆன்ட்டி’யின் உறவு, ‘ஆன்சர்’ என்ற சொல்லின் தலையிலும் அதுதான் ஒளிந்திருக்கிறது. நாளடைவில் இரண்டும் ஒரே எழுத்தில் வந்து கலந்துவிட்டன.

டேங்கர் லாரியில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கிறதே, தீப்பிடிக்காது என்றா அர்த்தம்?

தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். லத்தீனில் இரண்டு ‘இன்’ உண்டு. ஒன்று மறுப்பு, அது அடுத்த எழுத்துக்கேற்ப இம், இல், இர் என்று மாறி இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் ஆகும். மற்றொன்று ‘உள்ளே’. இன்ஃப்ளேமபிள் இரண்டாவது வகை, தீக்குள் போகக்கூடியது. ஆபத்தான குழப்பம் என்பதால் பல நாடுகளில் ‘இன்’னை நறுக்கி ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதுகிறார்கள். நம் நெடுஞ்சாலை டேங்கர்களில் பழைய சொல்லே ஓடிக்கொண்டிருக்கிறது.

பேமானி, நாலாயக்கு எல்லாம் எங்கிருந்து வந்தன?

பாரசீக முன்னொட்டுகள், அரபு வேர்கள், உருது வழி. ‘பே’ என்றால் இல்லாத. ஈமான் இல்லாதவன் பே-ஈமான், சென்னை வாயில் பேமானி. வாரிசு இல்லாதது பேவார்சு. ‘நா’ மட்டும் நம் கதையின் உறவுக்காரன்: லாயக்கு இல்லாதவன் நாலாயக்கு.

நாத்திகனில் உள்ள ‘நா’வும் நான்-வெஜ்ஜில் உள்ள ‘நான்’னும்?

இரண்டும் இதே குடும்பத்தின் முழு வடிவமான ‘ந’விலிருந்து வந்தவை. ந + அஸ்தி, ‘இல்லை’ என்பதுதான் நாஸ்தி. அப்படிச் சொல்பவன் நாத்திகன். லத்தீன் ‘நோன்’ என்பதைப் பிரித்தால் ‘ஒன்றுமல்ல’. ஆங்கில ‘நன்’னும் ‘ஒன்று அல்ல’தான், அதனால் சூனியம். சமஸ்கிருத ‘அநேக’மும் ‘ஒன்று அல்ல’தான், ஆனால் அது ‘பல’ என்று போய்விட்டது. ஒன்று இல்லை என்றால் பூஜ்யமா, நிறையவா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

நக்கீரரை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். நக்கீரர், நச்செள்ளையார், நப்பின்னை ஆகிய பெயர்களில் உள்ள ‘ந’ தமிழ், சிறப்பைக் காட்டுவது. கீரர் அல்லாதவர் இல்லை, நல்ல கீரர்.

சரி, தமிழுக்குச் சொந்தமாக இப்படி ஒரு முன்னொட்டு உண்டா?

தமிழ் மறுப்பைச் சொல்லின் தலையில் வைப்பதில்லை. நடுவிலோ கடைசியிலோ வைக்கும். திருக்குறள் அதிகாரப் பெயர்களைப் பாருங்கள்: கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை, நிலையாமை, கல்லாமை. வேர் முதலில் வந்து, ‘ஆ’ வந்து மறுத்து, ‘மை’ வந்து முடிக்கிறது. வடமொழி ‘அகிம்சை’ என்று முதல் எழுத்திலேயே தடுத்துவிடுகிறது. ‘கொல்லாமை’யில் கொல் வந்த பிறகுதான் மறுப்பு. கிறிஸ்தவ சமயத்தைப் பரப்பிய பவுல் ஏதென்ஸில் கண்ட பலிபீடத்தில் ‘அக்னோஸ்டோ’ என்று எழுதியிருந்ததைப் பழைய தமிழ் பைபிள் ‘அறியப்படாத தேவனுக்கு’ என்கிறது. கிரேக்கத்தில் தலையில் இருந்த மறுப்பு தமிழில் ‘ஆத’ என்று வால் பக்கம் நகர்ந்துவிட்டது.

இன்னும் சிக்கனமான முறையும் உண்டு. ‘செய்யேன்’, ‘வாரான்’ என்பவற்றில் மறுப்புக்கென்று எழுத்தே கண்ணில் படாது. கால இடைநிலை இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், அதுவே மறுப்பு.

விதிவிலக்கு போலத் தெரிவது அஃறிணை. அல் + திணை. ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே’ என்பது தொல்காப்பியம். அல்வழி, இல்பொருள் உவமை என்பனவும் இப்படித்தான். ஆனால் இந்த ‘அல்’லும் ‘இல்’லும் முன்னொட்டுகள் அல்ல, தமக்கென்று பொருளுள்ள முழு வேர்ச்சொற்கள். அல்லன், இல்லை என்று தனியாகவும் வாழ்பவை. வடமொழி ‘அ’வால் தனியே நிற்க முடியாது.

தமிழில் ‘அ’ என்று ஒரு சுட்டு இருக்கிறதே, இரண்டும் மோதிக்கொள்ளாதா?

மோதாமல் காப்பது ஒற்று. தமிழ்ச் சுட்டு ‘அ’வுக்குப் பின் மெய் வந்தால் அது இரட்டிக்கும்: அக்காலம், அந்த நேரம். வடமொழி மறுப்பு ‘அ’வுக்குப் பின் இரட்டிக்காது: அகாலம், ஆகாத நேரம். அத்தர்மம் என்றால் அந்தத் தர்மம். அதர்மம் என்றால் தர்மத்துக்கு எதிர். அந்நியாயம் என்றால் அந்த நியாயம். அநியாயம் என்றால் அநியாயம்தான். உயிர் வந்தாலும் இரண்டும் பிரிந்தே நிற்கும்: சுட்டு வகரம் பெற்று அவ்வூர், அவ்விடம் ஆகும், மறுப்பு ‘ந்’ பெற்று அநாதி ஆகும். பள்ளியில் ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று மனப்பாடம் செய்ததற்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

அந்நியன் மட்டும் இரண்டிலும் சேராத ஆள். அது ‘வேறு’ என்று பொருள்படும் ‘அன்ய’ என்ற வடசொல்.

அப்படியானால் புதுச் சொல் உருவாக்கும்போது தமிழ்ச் சொல்லின் முன்னால் இந்த ‘அ’வைப் போடலாமா?

போடாமல் இருப்பது நல்லது. ‘அ’வுடன் ‘மரபு’ என்று எழுதினால் படிப்பவர் கண்ணுக்கு ‘அம்மரபு’ என்ற சுட்டுதான் தட்டுப்படும், எழுத்துப்பிழையோடு. மரபற்ற, மரபல்லாத, மரபுசாராத என்று பின்னால் மறுக்க நமக்கு வழி நிறைய இருக்கிறது. அதிலும் அற்ற, அல்லாத, சாராத மூன்றுக்கும் நுண்ணிய வேறுபாடு உண்டு, ‘அ’வுக்கு அது கிடையாது.

வடசொல்லோடு வரும்போது தடையில்லை. பள்ளி வேதியியலில் கந்தகமும் பாஸ்பரஸும் அலோகம் என்று படித்திருப்பீர்கள். அதன் எதிர்ச்சொல் உலோகம். மூலச் சொல் ‘லோஹ’. ‘ல’ தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இரும்பின் பக்கம் ஓர் ‘உ’ முன்னால் வந்து தாங்கியது. அலோகத்தில் ஏற்கெனவே ‘அ’ இருந்ததால் அந்த ‘உ’வுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இரண்டையும் அருகருகே எழுதிப் பார்க்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ‘உ’ என்றால் ஆமாம், ‘அ’ என்றால் இல்லை என்று முடிவு கட்டினால் அவனைக் கோபிக்க முடியாது.